ஹெட்ஃபோனுக்கு ஜரிகை வயர்

அந்த ஹெட்ஃபோனை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு அதன் மேல் ஓர் அக்கறையும் இல்லை. அதை நீட்டிய கையின் மேல்தான் அக்கறை எல்லாம். எழுபதுகளின் கடைசி. திருப்பதியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததோ இல்லையோ, சித்தூர் பஸ்ஸில் இருப்பேன். வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போயாக வேண்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்வேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் எங்கள் சபையில் ஆர்கன் வாசித்த பெண்ணை ஒரு வாரம் பார்க்காவிட்டால், கரும்பலகையில் நானே போட்ட கணக்கை என்னாலேயே முடிக்க முடியாது. அதுதான் முதல் காரணம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பிள்ளைகள் எல்லாப் பையன்களையும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலேயே பழக்கிவிடுவார்கள். எத்தனையோ பேருடைய ஆசை அந்த ஒரு சொல்லில் அடிபட்டுச் செத்திருக்கிறது. நான் தப்பித்தது கல்லூரி வேலையால். வேலை கிடைத்த வாரமே அவளுக்கு நான் ‘சார்’ ஆகிவிட்டேன். அந்த உத்தியோகத்தில் எனக்கு ரொம்பவும் பிடித்த விஷயம் அதுதான், சம்பளம்கூட அப்புறம்தான்.

அவள் மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சர். ஊர் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை பார்த்த ஜெர்மன் டாக்டரம்மா ஒருவர், ஓய்வுபெற்றுத் தன் நாட்டுக்குத் திரும்பும்போது, ரெக்கார்டு பிளேயரையும் ஒரு கட்டு ஆர்கன் இசைத்தட்டுகளையும் இந்த ஹெட்ஃபோனையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்பீக்கர்களை மட்டும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆகவே ஹெட்ஃபோன் வேலை செய்தால்தான் அது பாட்டுப் பெட்டி, இல்லாவிட்டால் வெறும் மரப்பெட்டி.

ஹெட்ஃபோன் என்றால் இன்று பஸ்ஸில் பிள்ளைகள் காதில் செருகிக்கொண்டு திரிவது போன்றதில்லை. தலைக்கு மேல் எஃகுப் பட்டை, காதுகளை முழுக்க மூடும் கறுப்புத் தோல் மெத்தைகள், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே கழற்றி மாட்டுகிற வயர், வயரின் முனையில் ஒரு தடித்த ஊசியும் ஒரு மெல்லிய ஊசியும். சித்தூர் ஜில்லாவில் அதற்கு வயர் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட பொருளை அவள் பத்திரமாக பீரோவில் வைத்திருந்தாள். வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அவளுடைய அப்பா பீரோக் கதவை அடித்துச் சாத்தினார். வயர் நடுவில் துண்டாகிவிட்டது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வேப்பமரத்தடியில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு துணிப்பையோடு என்னிடம் வந்தாள்.

“சார், நீங்க பிசிக்ஸ்தானே? இத சரி பண்ண முடியுமா பாருங்களேன்.”

“இது ஒரு வேலையா?” என்றேன். அதுவரை ஒரு டார்ச் லைட்டைக்கூட நான் ஒழுங்காகக் கழற்றி மாட்டியதில்லை.

“கிறிஸ்மஸ்குள்ள முடிஞ்சா போதும் சார். அப்புறம் எங்க கேக்கறது? கிறிஸ்மஸ் ஆனதும் வேலூர்லேந்து பொண்ணு பாக்க வராங்களாம். எங்க அத்த பாத்துவெச்ச எடம்.”

பூ இன்ன விலை என்று சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு வேப்பமரம் ஒரு சுற்று சுற்றி நின்றது. வேலூர்க்காரன் யார், என்ன உத்தியோகம், எவ்வளவு உயரம் என்று கேட்க வாய் துடித்தது. “வயர் எவ்வளவு நீளம்?” என்று கேட்டேன்.

என் நிலைமை இதுதான். அந்தப் பெண்ணை நான் கட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது தெரியாது, அவளைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. வாயைத் திறந்து சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. என் அம்மாவை அனுப்பிக் கேட்கலாம், ஆனால் அந்தப் பெண்ணுக்கே மனசில்லை என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு ஆராதனைக்குப் போவது? இந்த நேரத்தில், அந்த வீட்டு வாசலை உரிமையோடு மிதிக்க ஒரே ஒரு அனுமதிச் சீட்டு கிடைத்திருக்கிறது. அது ஒரு துண்டுபட்ட வயர். கிறிஸ்துமஸ் வரை செல்லும்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலமே கல்லூரிச் சோதனைச்சாலையிலிருந்து இரவல் வாங்கிய சால்டரிங் அயனோடு போய் நின்றேன். அவளுடைய அப்பா தாசில்தார் ஆபீஸில் ஹெட் கிளார்க். நாள் முழுக்கத் தெலுங்கு ஃபைல்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர், வீட்டில் பேசும் தமிழிலும் பாதிக்குப் பாதி ஆபீஸ் கலந்திருக்கும். தன் கையால் வெட்டுப்பட்ட வயர் என்பதால் அவருக்கும் மனசு உறுத்தல். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, நாற்காலி போட்டு, எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

வெட்டுப்பட்ட இரண்டு முனைகளையும் சீவி ஒட்ட வேண்டியதுதானே என்று நினைத்தேன். தோலைச் சீவினால் உள்ளே நான் எதிர்பார்த்த செம்புக் கம்பி இல்லை. சிவப்பாக, நூல் நூலாக ஏதோ வந்தது. அயனை வைத்ததும் புஸ்ஸென்று புகைந்து சுருண்டு போனது.

“ஏம்ப்பா, எம்எஸ்ஸி படிச்சவங்க பத்தவெச்சா இப்டித்தான் பொகையுமா?” என்றார் அவர்.

“இது ஜெர்மன்காரன் செய்தது அங்கிள்,” என்று நாட்டின் மேல் பழியைப் போட்டேன். “முழுசா புது வயர்தான் போடணும்.”

சமையல்கட்டு வாசலில் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா, புகைக்கு மூடிக்கொண்டாளா என்பதைத் திருப்பதி திரும்பும்வரை பஸ்ஸில் ஆராய்ந்தேன். புத்தலப்பட்டில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தியபோது, சிரிப்புதான் என்று முடிவுக்கு வந்து நானும் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டில் மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொள்ளப் புறப்பட்ட ஒரு பெரியவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த வாரம் நான் பாடம் நடத்தியதைவிட வயர் பொறுக்கியதுதான் அதிகம். திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டுகிற ஒருவர் கடை வைத்திருந்தார். ஹெட்ஃபோனை வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டு, “எந்த மண்டபம் சார்?” என்றார். அவர் கொடுத்தது மழையில் நனைந்தாலும் மாடு மிதித்தாலும் ஒன்றும் ஆகாத கறுப்பு வயர். பழைய வயரின் முனைகளில் இருந்த ஊசிகளை பிளேடால் நோண்டி எடுத்து இதில் பற்றவைத்துக் கொண்டுபோனேன்.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். தட்டு சுற்றியது. மேஜையைச் சுற்றி அவளுடைய அப்பா, அம்மா, நான் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். பாட்டுக்குத் தலையாட்டினாள். வயரின் கனத்தில் ஹெட்ஃபோன் நழுவி மடியில் விழுந்தது.

“கயிறு கட்டின மாட்டாட்டம் இழுக்குது சார். அப்புறம்... கீழ் சுரமெல்லாம் கொஞ்சம் உப்பு கம்மியா கீது.”

அடுத்த வாரம் காலிங்பெல்லுக்கு இழுக்கிற மெல்லிய வயரை நாலு புரியாகப் பின்னிக்கொண்டு போனேன். கனமில்லை. ஆனால் சுருட்டி வைத்த கோணத்திலேயே நின்றது, எந்தப் பக்கம் தள்ளினாலும் திரும்பி வந்தது. அவள் வெகுநேரம் கேட்டாள். “பரவால்ல சார். ஆனா மேல் சுரம் கொஞ்சம் புளிக்குது,” என்றாள். அதற்கடுத்த வாரம் ரேடியோ ஏரியலுக்குக் கட்டுகிற மெல்லிய பின்னல் வயர். அது புடவையில் உரசும்போதெல்லாம் காதுக்குள் சரசரவென்றது. “யாரோ பின்னாடியே நடந்து வராப்ல கீது,” என்றாள். சரி, அசையாமல் கேளுங்கள் என்றேன். அசையாமல் கேட்டாள். “இப்ப நடுவுல கொஞ்சம் இனிப்பு தூக்கலா கீது.”

பௌதிகம் படித்தவன் நான். ஒரு ஆள் நீளத்துக்குச் செம்பு வயர் பாட்டில் உப்பும் புளிப்பும் சேர்க்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? இது சாதாரணக் காதே இல்லை, இப்படியொரு காதை உலகம் கண்டதில்லை என்று உருகினேன். திருப்பதி திரும்பி, சோதனைச்சாலையில் எல்லா வயர்களையும் வரிசையாகப் போட்டு அளந்தேன். மீட்டர் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். மீட்டரில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன்.

இதற்கிடையில் டிசம்பர் பிறந்துவிட்டது. அவர்கள் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. உள்ளே கலகலாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். வேலூர்க்காரர்கள் எந்த பஸ்ஸில் வருவார்கள், என்ன பலகாரம் செய்வது என்ற பேச்சு என் காதுபடவே நடந்தது. நான் ஒரு கலகலாவை வாயில் போட்டுக்கொண்டு, மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குத்தான் அவளுடைய அம்மா, மேஜை மேல் கிடந்த பழைய வயர்த் துண்டைக் குப்பையோடு தள்ளப்போனவர், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மிஷன் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டவர். கையில் எப்போதும் குரோஷா ஊசி இருக்கும். அதன் கொக்கியால் வயருக்குள் இருந்த நூலை ஒவ்வொன்றாக இழுத்தார்.

“தம்பி, இங்க பாருங்க. நூலு மேல மெல்லிசா தகடு சுத்திக்கீது. இன்னாது இது, ஜரிகையாட்டம் கீதே?”

வாங்கிப் பார்த்தேன். ஜரிகையாட்டம் இல்லை, ஜரிகையேதான். நூலின் மேல் செம்புத் தகட்டைச் சுற்றியிருந்தார்கள். அதனால்தான் அது அவ்வளவு லேசாக இருந்தது, எவ்வளவு வளைத்தாலும் உடையாமல் இருந்தது, அயனை வைத்ததும் உள்ளே நூல் பொசுங்கிப் புகைந்தது. காஞ்சிபுரத்திலும் நகரியிலும் புடவைக் கரையில் ஓடுகிற அதே சங்கதி.

“ஆன்ட்டி!” என்று கத்திவிட்டேன். “வீட்ல பழைய பட்டுப் புடவை இருக்கா?”

அவர் முகம் மாறியது. “கீது. என் கூறப்பொடவதான் கீது,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா அது அசல் ஜரிகயான்னு இந்த ஊட்ல ஒரு வழக்கு கீது,” என்றார்.

வழக்குத் தொடுத்தவர் அத்தை. அவளுடைய அப்பாவின் அக்கா. பலமனேரில் இருந்தார். கல்யாணத்தன்றே கூறைப் புடவையின் கரையை விரலால் தேய்த்துப் பார்த்து, “இது டூப்ளிகேட்” என்று சொன்னவர், அன்றிலிருந்து வருஷா வருஷம் அதை ஞாபகப்படுத்தினார். அப்பா எந்தப் பக்கமும் பேசாமல் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். வேலூர் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் இதே அத்தைதான்.

“அது ரொம்ப சுலபம் ஆன்ட்டி,” என்றேன். “பேட்டரியும் பல்பும் வெச்சா தெரிஞ்சிடும். ஜரிகை வழியா கரண்ட் ஓடினா பல்ப் எரியும். பிளாஸ்டிக் ஜரிகையா இருந்தா எரியாது.”

அடுத்த சனிக்கிழமை டார்ச் பேட்டரி, குட்டி பல்ப், இரண்டு வயர் சகிதம் போனால், கூடத்தில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். பலமனேரிலிருந்து ஒரு கோணிப்பை நிறையத் தக்காளியும் பீன்ஸும் கொண்டுவந்திருந்தார். வேலூர்க்காரர்கள் வர இன்னும் நாள் இருந்தது, இப்போதே அவர்களுக்குச் சமைக்கவாம். நான் திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவளுடைய அம்மா விடவில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து, நாப்தலின் உருண்டைகளை உதறி, கூறைப் புடவையைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். மடிப்பு வாக்கில் முந்தானை சற்றே இற்றிருந்தது. அரக்குக் கரையில் ஜரிகை கொஞ்சம் கறுத்திருந்தது.

“இன்னா பண்ணப் போறான் இந்தப் பையன்?” என்றார் அத்தை.

“ஒங்க வழக்கத் தீர்க்கப் போறாரு அண்ணி,” என்றார் அம்மா.

இரண்டு வயர்களின் முனையையும் கரையின் மேல் வைத்தேன். பல்ப் பளிச்சென்று எரிந்தது.

அம்மா கை தட்டினார். சின்னப் பெண்போல் குதித்தார் என்றே சொல்ல வேண்டும். “பாத்தீங்களா! எங்க நைனா வாங்கினது! அசலு! அசலு! தம்பி, இந்தப் பக்கம் வைங்க, இந்தப் பக்கம்!” வைத்த இடத்திலெல்லாம் எரிந்தது. அப்பா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார். “அக்கா, ஜட்ஜ்மெண்ட் ஒச்சேசிந்தி,” என்றார், தீர்ப்பு வந்துவிட்டதாம்.

இந்த இடத்தில் நான் ஒரு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். செம்பு ஜரிகையாக இருந்தாலும் பல்ப் எரியும். எரிவதால் அது உலோகம் என்று தெரியுமே தவிர, வெள்ளியா தங்கமா என்று தெரியாது. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? “ஆனா ஒண்ணு...” என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் என் பாதத்தை யாரோ அழுத்தி மிதித்தார்கள். பக்கத்தில் அவள்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை, பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குச் செம்பும் தெரியாது, வெள்ளியும் தெரியாது.

அத்தை தோற்கிற ஆள் இல்லை. தான் கட்டியிருந்த பச்சைப் பட்டின் முந்தானையை மேஜை மேல் வீசினார். “எங்க, இதுல வை பாக்கலாம். அசல்னா இது அசல். வேலூர்க்காரங்க எனக்குன்னு ஆசையா எடுத்துக் குடுத்தது. இதுல உன் பல்ப் எப்டி எரியுதுன்னு பாரு.”

நான் தயங்கினேன். “வைங்க சார்,” என்றாள் அவள்.

வைத்தேன். எரியவில்லை. தள்ளி வைத்தேன். எரியவில்லை. கரையில், முந்தானையில், ஒரு பூவின் நடுவில் வைத்தேன். பல்ப் செத்துக் கிடந்தது.

“பேட்டரி தீந்துபோச்சி,” என்றார் அத்தை.

அம்மா கூறைப் புடவையின் கரையை என் பக்கம் தள்ளினார். வைத்தேன். பளிச்.

அத்தை எழுந்தார். முகம் கோணிப்பைத் தக்காளியைவிடச் சிவந்திருந்தது. எங்கள் மேல் பாயப்போகிறார் என்று நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். “எனக்கே பிளாஸ்டிக் சுத்தி அனுப்பிக்கீறானுங்களா! நான் தம்பி பொண்ணக் குடுக்கறேன்னு அலஞ்சிக்கினு கீறேன், எனக்கே! நாளைக்கே வேலூர் போறேன். பொடவைய மூஞ்சிமேல கடாசிட்டு வரேன்!” என்றார். சொன்னபடியே மறுநாள் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறினார். அந்த வார நடுவிலேயே வேலூர் சம்பந்தம் முறிந்துவிட்டது. அம்மா தக்காளியையெல்லாம் ஊறுகாய் போட்டுவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் மின்சாரப் பாடம் எடுத்தேன், அந்த வருஷத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் என் பயம் முழுக்கத் தீரவில்லை. வேலூர் போனால் பெங்களூர் இருக்கிறது, அத்தை சும்மா இருக்க மாட்டார். தவிர அவள் என் காலை மிதித்தது அம்மாவின் மானத்தைக் காப்பாற்றவா, வேறு எதற்காவதா? வயர் வேலை முடிந்துவிட்டால் எனக்கு அந்த வீட்டில் என்ன வேலை? இந்த முறை வயர் சரியாக அமைந்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதுதான் பயமே.

வயரை மூன்று பேரும் சேர்ந்து செய்தோம். அம்மா கூறைப் புடவையின் இற்றுப்போன முந்தானையிலிருந்து ஜரிகையைப் பிரித்தார். குறுக்காக ஓடிய இழை விடாமல் நீளமாக வந்தது. “கட்டிக்க முடியாத எடம்தானே, பாட்டாவது கேக்கட்டும்,” என்றார். பத்துப் பன்னிரண்டு இழைகளை ஒன்றாகத் திரித்து ஒரு புரி ஆக்கினேன். அப்படி நாலு புரி, காதுக்கு இரண்டு. ஒன்றோடொன்று பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்றேன். அவள் ஒவ்வொரு புரிக்கும் வெள்ளை நூலால் குரோஷா உறை பின்னினாள், மேலே அரக்கு பூசி உலரவைத்தோம். முனைகளில் நேராகப் பற்றவைத்தால் பட்டு பொசுங்கும் என்பதால், மெல்லிய செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி அதன் மேல் பற்றவைத்தேன். புகை வரவில்லை. அப்பா அதைக் கவனித்து, “புரமோஷன் குடுக்கலாம்,” என்றார்.

கடைசியில் அவள் நாலு புரியையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னினாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் பின்னப் பின்ன, பின்னல் வளர்ந்து, எங்களுக்கு நடுவில் இருந்த இடம் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் ஜரிகை இருந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது, இல்லாமல் போனதே நல்லது என்றும் இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு விக்கல் எடுத்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் வயரை மாட்டினோம். அவ்வளவு அழகான வயரை அந்த டாக்டரம்மாவின் ஊரில்கூடச் செய்திருக்க மாட்டார்கள். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை, விட்ட பக்கம் துவண்டு விழுந்தது. அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். தட்டு சுற்றியது. தலையாட்டினாள், நழுவவில்லை. புடவையில் உரசியது, சத்தமில்லை. அவள் முகத்தில் ஒரு நிறைவு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

“நல்லாத்தான் கீது,” என்றாள். “ஆனா... எடது பக்கம் கொஞ்சம் கம்மியா கேக்குது.”

“அதெப்படி?” என்றார் அப்பா. “இங்க குடு.”

வாங்கித் தன் வழுக்கைத் தலையில் மாட்டிக்கொண்டார். ஆபீஸ் பழக்கம், எதையும் நேரில் பரிசீலிக்காமல் விட மாட்டார். ஒலியைக் கூட்டினார். ஆர்கன் அவருடைய இரண்டு காதையும் நிறைத்திருக்க வேண்டும், புருவம் ஏறி நின்றது. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தன் பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பெண்ணைப் பார்த்தார். மெல்ல மனைவியின் பக்கம் சாய்ந்து, உள்ளங்கையை வாயருகே மறைத்து வைத்துக்கொண்டு, ரகசியம் பேசினார்.

ரகசியம் என்று அவர்தான் நினைத்தார். காதுகள் மூடியிருந்தன, உள்ளே ஆர்கன் முழங்கிக்கொண்டிருந்தது. தன் குரல் எந்த அளவில் வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

“ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குது! கம்மியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! இவ ஏன் வாரா வாரம் கொற சொல்லிக்கினே கீறான்னு எனக்கு இப்பதான் புரியுது! வேல முடிஞ்சிட்டா அந்தப் பையன் வரமாட்டான் இல்ல! அதான்! எனக்கும் புடிச்சிதான் கீது, மஞ்சி பிள்ளவாடு, நல்ல பையன்! ஆனா பொண்ணு ஊட்டுக்காரங்க நாமளா போய்க் கேட்டா நல்லா இருக்காது, அவங்க அம்மாவே வரட்டும்! நீ எதுவும் உளறி வெக்காத, அவன் காதுல உழுந்துடப்போவுது!”

வாசலில் சைக்கிளில் போன பால்காரர் இறங்கி நின்றுவிட்டார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள் தோன்றின. மேஜையைச் சுற்றி யாரும் அசையவில்லை. அவள் கழுத்து வரை சிவந்து, குரோஷா ஊசியை எடுத்து இல்லாத நூலைப் பின்ன ஆரம்பித்தாள். என் விக்கல் மறுபடி வந்துவிட்டது.

அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். எங்களைப் பார்த்தார்.

“இன்னா, எல்லாரும் என்னையே பாத்துக்கினு கீறீங்க?”

“ஒண்ணுமில்ல,” என்றார் அம்மா. “பாட்டு எப்டி இருந்திச்சின்னு கேக்கலாம்னுதான்.” பிறகு என் பக்கம் திரும்பி, கடையில் உப்பு வாங்கிவரச் சொல்வது போலச் சொன்னார். “தம்பி, நாளைக்கு ஆராதன முடிஞ்சதும் உங்க அம்மாவ இட்டுக்கினு வாங்க.”

நான் எப்படி எழுந்தேன், எப்படி விடைபெற்றேன், செருப்பை மாட்டினேனா என்பதெல்லாம் ஞாபகமில்லை. வாசல் வரை அவள் வந்தாள். பால்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பௌதிகம் படித்தவன் கேட்கக்கூடிய ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“அப்ப அந்த உப்பு, புளிப்பு, இனிப்பெல்லாம்?”

அவள் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மொதல்ல கொண்டாந்தீங்களே, அந்த மைக் செட் வயரு. அதுவே நல்லாத்தாங்க கேட்டுது.”